குக்ரி வாங்கும் முன் பூணைப் பாருங்கள்



முக்திநாத், பசுபதிநாத் யாத்திரை போய் வருகிறவர்கள் நம்மில் அதிகமாகிவிட்டார்கள். திரும்பும்போது ருத்ராட்சம், சாளக்கிராமத்தோடு பெட்டியில் ஒரு குக்ரியும் வருகிறது. வந்த மறுநாள் எனக்கு வாட்ஸ்அப்பில் படம். "சார், இது ஒரிஜினலா?" "மாமா, நாலாயிரம் கொடுத்தேன், சரியான விலைதானா?" ஓய்வு பெற்ற பிறகு நான் குக்ரி சேர்க்கிறேன் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். என்னுடைய வேதியியல் வகுப்பை 45 நிமிடம் தாங்கியவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

முதலில் என் கருத்து. "ஒரிஜினலா?" என்பது தப்பான கேள்வி. காத்மாண்டு தமேல் கடைவீதியில் தொங்கும் எல்லாமே ஒரு வகையில் ஒரிஜினல்தான். "இது எதற்காகச் செய்யப்பட்டது, யார் செய்தார்?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இந்த இரண்டுக்கும் கடைக்காரரிடம் நேரான பதில் இல்லையென்றால், கையில் இருப்பது பெரும்பாலும் கத்தி வடிவத்தில் இருக்கும் தகடு.

நேபாளத்தில் 'குகுரி' என்பது மலைநாட்டு வீட்டின் வேலைக் கருவி. விறகு வெட்டவும் புதர் கழிக்கவும் ஆடு அறுக்கவும் மூங்கில் பிளக்கவும் அதே கத்திதான். கூர்க்கா வீரர்களின் ஆயுதமாக உலகம் அதை அறிந்தது 1814 முதல் 1816 வரை கம்பெனிப் படையோடு நடந்த போருக்குப் பிறகு. ஆகவே இன்று கிடைப்பவை மூன்று வகை. ஒன்று, வேலைக்கான குக்ரி. இரண்டு, படைப்பிரிவுக்கான குக்ரி. வெள்ளி வேலைப்பாடு செய்த உறையோடு நினைவுப் பரிசாகத் தரப்படும் 'கோதிமோரா' இதைச் சேர்ந்தது. மூன்று, சுவரில் மாட்ட, சுற்றுலாப் பயணிக்கு என்றே செய்தது. மூன்றாவது வகையை மூன்றாவது வகை விலைக்கு வாங்கினால் ஒரு குற்றமும் இல்லை. அதை முதல் வகை என்று சொல்லி விற்கும்போதுதான் சேகரிப்பவர் விழித்துக்கொள்ள வேண்டும்.

இனி எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

1. பூண்

எல்லோரும் முதலில் அலகின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். பளபளப்புக்கு ஒரு பஃப் சக்கரமும் கால் மணி நேரமும் போதும். நீங்கள் பார்க்க வேண்டியது அலகும் பிடியும் சேரும் இடத்தில் இருக்கும் பித்தளைப் பூண். நல்ல வேலையில் பூண் அலகைக் கவ்விப் பிடித்திருக்கும். பிடி மரத்துக்கும் பூணுக்கும் இடையில் நகம் இறங்காது. மெல்லிய கோடாகக் கருஞ்சிவப்பில் ஏதாவது தெரிந்தால் பயப்படாதீர்கள். அது 'லாஹா' என்ற அரக்குப் பசை, அவர்களுடைய மரபுப்படி பிடியை ஒட்டுவது அதனால்தான். ஆனால் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ எபாக்ஸி பிதுங்கி நின்றால், சந்து பெரிதாக இருந்ததை அது மறைக்கிறது. ஒரு சின்னக் காந்தத்தைப் பூணில் வையுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. இங்கே மிச்சம் பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தாராளமாக இருந்திருக்க மாட்டார்.

2. முதுகு

கத்தியைப் பக்கவாட்டில் பார்க்காமல் மேலிருந்து முதுகுப் பக்கமாகப் பாருங்கள். சம்மட்டியால் அடித்துச் செய்த வேலைக் குக்ரியின் முதுகு பூணருகே பெரும்பாலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் கனமாக இருக்கும். முனைக்குப் போகப் போக மெலியும். தகட்டிலிருந்து வெட்டி எடுத்தது ஆரம்பம் முதல் முனை வரை ஒரே கனத்தில் ஸ்கேல் மாதிரி இருக்கும். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். நல்ல குக்ரியில் எடை வளைவுக்குச் சற்று முன்னே நிற்கும், வீசினால் கத்தியே கையை இழுத்துப் போகும். மட்டமானது ஒன்று முனை கனத்துக் கையை வலிக்க வைக்கும், அல்லது எடையே இல்லாமல் தகரம் போல ஆடும்.

பிறகு டியூப் லைட்டுக்குக் கீழே அலகைப் பிடித்து, அதில் விழும் ஒளிக்கோட்டை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கோடு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். திடீரென்று உடைந்து நெளிந்தால் அங்கே கிரைண்டர் அவசரமாகக் கடித்திருக்கிறது.

3. வெட்டுவாய்

இங்கேதான் என் பாடம் வருகிறது. நேபாளப் பட்டறைகள் பெரும்பாலும் பயன்படுத்துவது பழைய லாரி, ஜீப்புகளின் ஸ்பிரிங் பட்டை. நம் ஊர் அரிவாள் பட்டறைகளிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். பழைய இரும்பு என்று முகம் சுளிக்க வேண்டாம், அது முதல் தரமான உருக்கு. சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருப்பதால் சூடேற்றிக் குளிர்வித்தால் கடினமாகும். கட்டடக் கம்பி வகையைச் சேர்ந்த மென் இரும்பில் கார்பன் 0.25 சதவீதத்துக்கும் கீழே. அதை எத்தனை முறை தண்ணீரில் முக்கினாலும் வெட்டுவாய் நிற்காது.

அந்தக் கொல்லர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு இன்றும் வியப்பு. முழு அலகையும் தண்ணீரில் முக்க மாட்டார்கள். செந்நிறமாகச் சூடேறியதும் ஒரு கெண்டியிலிருந்து வெட்டுவாய் ஓரமாக மட்டும் தண்ணீரை ஊற்றுவார்கள். ஓரம் சட்டென்று குளிர்ந்து கடினமாகிவிடும். முதுகு மெதுவாக ஆறி, வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கும். ஓரம் கூர் காக்கும், முதுகு அதிர்ச்சியைத் தாங்கும். நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியதை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் கெண்டியை வைத்துக்கொண்டு கண் அளவிலேயே செய்துவிடுவார்.

இதைச் சோதிக்க ஒரு சின்ன அரம் போதும். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, வெட்டுவாயின் அடிப்பகுதியில் மெல்ல ஒரு இழுப்பு. அரம் வழுக்கினால் கடினம் ஏறியிருக்கிறது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல அரம் கடித்தால் ஏறவில்லை. பிறகு முதுகில் ஒரு இழுப்பு, அங்கே அரம் கடிக்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் கண்ணால் பாருங்கள். வெட்டுவாய் ஓரத்தில் நீலமோ ஊதாவோ படர்ந்திருந்தால், கடைசியில் மின் கிரைண்டரில் தீட்டும்போது ஏறிய சூடு அது. கொல்லர் கொடுத்த கடினத்தை அந்த ஒரு நிமிடம் அழித்துவிட்டது என்று பொருள்.

"இது துருவே பிடிக்காது சார்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அவரே உண்மையைச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மரபான குக்ரி துருப்பிடிக்கும். எண்ணெய் போட்டுக் காப்பாற்ற வேண்டியது அது.

4. காவ்டி

பூணுக்கு முன்னால் வெட்டுவாயில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அதுதான் காவ்டி. சிவனின் சூலம், பசுவின் குளம்பு என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். ரத்தமும் சாறும் பிடிக்கு வழியாமல் தடுக்க என்றும் சொல்வார்கள். சேகரிப்பவருக்கு அது ஒரு சாட்சி. நல்ல கைவேலையில் அதன் உட்புறம் அரம் போட்டு மழுக்கப்பட்டு உருண்டையாக இருக்கும். மட்டமானதில் அச்சில் குத்தியது போலக் கூர்மூலைகளோடு நிற்கும். விரிசல் தொடங்குவது அந்த மூலையில்தான். லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

5. பிடி

பிடிக்குள் போகும் இரும்பு வால்தான் கத்தியின் உயிர். சில குக்ரிகளில் வால் பிடியைத் துளைத்துக்கொண்டு அடிவரை வந்து, நுனி தட்டி மடக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பிடியின் முழு அகலத்துக்கும் இரும்பு ஓடி, இரு பக்கமும் மரமோ எருமைக் கொம்போ வைத்து ரிவிட் அடித்திருக்கும். அதற்கு 'பனாவல்' என்று பெயர். பழைய வகைகளில் வால் பாதி வரை மட்டும் போய் அரக்கில் நிற்பதும் உண்டு. அதனால் அடியில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். பிடியையும் அலகையும் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். காதருகே வைத்துக் குலுக்குங்கள். சிறிதளவு ஆட்டமோ 'கடகட' சத்தமோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பித்தளைச் சிங்கத் தலை வைத்த பிடி என்றால் யோசிக்கவே வேண்டாம். அது ஏறத்தாழ எப்போதும் மூன்றாவது வகைதான்.

6. உறையும் குட்டிக் கத்திகளும்

உறைக்குள் இரண்டு சின்னக் கருவிகள் இருக்கும். ஒன்று 'கர்தா', சில்லறை வேலைக்கான குட்டிக் கத்தி. இன்னொன்று 'சக்மக்', கூரில்லாதது, சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி எழுப்பவும் பெரிய கத்தியின் வாயைத் தட்டிச் சீராக்கவும். சக்மக் கடினமாக இருந்தால்தான் அதற்கு வேலை. மட்டமான செட்டில் இரண்டுமே ஒரே தகரத்தில் வெட்டிய துண்டுகள், இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது. நான் எந்தக் குக்ரியைப் பார்த்தாலும் இந்தக் குட்டிகளைத்தான் இரண்டாவதாகப் பார்ப்பேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற இடத்தில் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பது அங்கே தெரியும்.

எதையெல்லாம் குறை என்று நினைக்கக் கூடாது என்பதும் முக்கியம். அலகில் லேசான சம்மட்டித் தடம், இரு பக்கமும் மயிரிழை வித்தியாசம், ஒரே பட்டறையின் இரண்டு குக்ரிகள் ஒன்றுபோல இல்லாதது, இவை கைவேலையின் இயல்பு. இவற்றைக் குறை என்று ஒதுக்கிவிட்டு அச்சு வார்த்தது போன்ற மட்டக் கத்தியைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய.

அடுத்து, "ரொம்பப் பழசு" என்ற வியாபாரம். சுற்றுலாக் கடையில் "இருநூறு வருஷப் பழசு, எங்க தாத்தாவோடது" என்று சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். நேபாளச் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளைத் தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கடைக்காரர் சொல்வது பொய்யென்றால் உங்கள் பணம் போகும். உண்மையென்றால் விமான நிலையத்தில் உங்கள் மானம் போகும். இரண்டில் எதற்கு நாம் காசு கொடுக்க வேண்டும்?

உண்மையான பழைய குக்ரிகளில் பெரும் தொகுதி ஒன்று வெளியே போன கதையும் தெரிந்தது. காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில், அரசின் ஆயுதக் கிடங்கில் கிடந்த துப்பாக்கிகளையும் ஆயிரக்கணக்கான குக்ரிகளையும் 2003-ல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கினார்கள். அவற்றில் பலவற்றின் முதுகில் தேவநாகரி எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலக் குக்ரிகளில் அம்புக்குறியும் ஆண்டும் பொறித்திருக்கும். இவற்றுக்கு மதிப்பு ஏறியதும் புதுக் கத்தியில் பழைய முத்திரை குத்தும் வேலை தொடங்கிவிட்டது. எழுத்தின் பள்ளத்துக்குள் பாருங்கள். சுற்றிலும் கருத்துத் துரு ஏறியிருக்க, பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தால் முத்திரை நேற்றையது. அமிலத்தில் தோய்த்துப் பழசாக்கிய கத்தியில் துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். காலம் அப்படிச் சீராக வேலை செய்யாது. கை பட்ட இடம் தேயும், படாத மூலை கருக்கும். அதேபோல, உண்மையிலேயே பழையது கையில் கிடைத்தால் தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடாதீர்கள். மெல்லிய துணியும் எண்ணெயும் போதும். நூறு வருடக் கருமையை ஒரு மணி நேரத்தில் சுரண்டினால் திரும்ப வராது.

கதைகளும் அப்படித்தான். உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் திரும்ப வைக்கக் கூடாதாம், வீசினால் திரும்பி வருமாம். இரண்டும் கட்டுக்கதை. தினமும் விறகு வெட்டும் கத்திக்கு எத்தனை பேர் ரத்தம் கொடுப்பது? உண்மைக் கதைகளும் உண்டு. 2010-ல் மௌரியா எக்ஸ்பிரஸ் ரயிலில் கொள்ளைக் கும்பலைக் குக்ரியோடு தனியாக எதிர்த்து நின்ற பிஷ்ணு ஸ்ரேஷ்டா, 8 கூர்க்கா ரைபிள்ஸ் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்துகொண்டிருந்தவர். அந்த வீரத்துக்குத் தலை வணங்குவோம். ஆனால் அந்தக் கதையைச் சொல்லி ஒருவர் உங்களிடம் நீட்டும் கத்திக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "சும்மா ஷோகேஸில் வைக்கத்தானே மாமா, இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று என் தங்கை மகன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில்தான் எல்லோருக்கும்.

குக்ரி அடிப்பவர்கள் 'காமி' என்ற கொல்லர் சமூகத்தினர். விஸ்வகர்மா என்ற பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள். பெயருக்குப் பின் 'பி.கே.' என்று எழுதுவார்கள். உறை தைப்பவர்கள் மரபாகத் தோல் வேலை செய்யும் 'சார்கி' சமூகத்தினர். இரண்டு சமூகங்களையும் நேபாளச் சமூகம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைத்தது. தசைன் பண்டிகையில் குக்ரிக்குக் குங்குமம் வைத்துப் பூஜை நடக்கும். அதை அடித்துக் கொடுத்தவர் வாசற்படி ஏற முடியாது. சட்டத்தில் 1963-லேயே இது ஒழிந்தது. 2011-ல் தண்டனைச் சட்டமே வந்தது. ஆனால் 2020 மே மாதம் மேற்கு ருகும் மாவட்டத்தில், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த ஒரு பி.கே. இளைஞர் நண்பர்களோடு அந்த ஊருக்குப் போனபோது கும்பல் துரத்தியது; ஆறு பேர் பிணமானார்கள். நமக்கு இது புரியாத கதை இல்லை. நம் மாவட்டங்களின் பெயர்களைப் போட்டு இதே செய்தியை நாம் படித்திருக்கிறோம்.

இந்தச் சூழலில் உலையடியில் நின்று வேலை கற்ற மகன்கள் கத்தாருக்கும் மலேசியாவுக்கும் போகிறார்கள். ஒரு குக்ரி முழுமையாக வெளிவர சம்மட்டி, அரம், மரவேலை, தோல்வேலை என்று பல கைகளின் ஒரு நாள் உழைப்பு வேண்டும். பக்கத்தில் தகட்டில் வெட்டிய கத்தி கால் விலைக்குத் தொங்குகிறது. நாம் இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பேரம் பேசினால், கொல்லர் ஒரு கட்டத்தில் தானும் தகட்டுக்கு மாறிவிடுவார், அல்லது விமானம் ஏறிவிடுவார். நாம் தரம் பார்க்கத் தெரிந்துகொள்வது நம் நான்காயிரம் ரூபாயைக் காப்பாற்ற மட்டும் இல்லை. நல்ல வேலை செய்கிறவருக்கு நல்ல விலை கிடைக்க அது ஒன்றுதான் வழி. அதனால்தான் யார் செய்தது என்று கேளுங்கள் என்கிறேன். தரான், போஜ்பூர் போன்ற ஊர்ப் பட்டறைகளில் செய்தவர் பெயரை முத்திரையாகவோ வாயாலோ சொல்லக் கூடிய கடைகள் இருக்கின்றன. அங்கே ஆயிரம் கூடுதலாகக் கொடுங்கள். பேரம் பேசாதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஷோகேஸ் கத்தி எப்போதும் ஷோகேஸிலேயே இருப்பதில்லை. ஒருநாள் தேங்காய் வெட்ட யாராவது எடுப்பார்கள். வால் சரியில்லாத கத்தியில் அலகு தனியே பறக்கும்.

கடைசியாகச் சில நடைமுறைகள்.

உறையிலிருந்து எடுக்கும்போது உறையை முதுகுப் பக்கம் பிடியுங்கள். வெட்டுவாய்ப் பக்கம் விரல் சுற்றியிருந்தால், தையல் விட்ட உறையைத் தாண்டி அலகு விரலை அறுக்கும்.

நீண்ட நாள் வைப்பதானால் தோல் உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் தடவித் தனியே வையுங்கள்.

விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது.

நம் நாட்டு ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், குக்ரி என்று பெயர் சொல்லியே, ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. உரிமம் தேவையா என்பது உங்கள் பகுதிக்கான அரசு அறிவிக்கையைப் பொறுத்தது, காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெருமைக்காகக் கையில் பிடித்துப் படம் போடுவதையும் தவிர்க்கலாம்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: பூண் அருகில், முதுகு மேலிருந்து, காவ்டி, பிடியின் அடி. அனுப்பத் தயங்கினால் வாங்காதீர்கள்.

எனக்கும் இனி அந்த நான்கு படங்களை அனுப்புங்கள். உறையோடு மேஜைமேல் அழகாக வைத்து எடுத்த படத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. கூடவே செய்தவர் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். என் நோட்டில் விலைக்கு ஒரு பத்தி இருப்பது போல அந்தப் பெயருக்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறேன். அதில் பல வரிகள் இன்னும் காலியாக இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் வேதியியல் சார்